அட்டையில் நாற்பது

வலது தோளுக்குள் யாரோ ஆணி அடித்து வைத்தது போலிருந்தது. பாட்டில் கழுவும் கம்பெனியில் நேற்று இரண்டு ஷிப்ட் கிரேட் பெட்டி தூக்கியிருந்தாள். இப்போது அதே தோளால் மாமியாரைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் உடம்பில் கனம் ஒன்றுமில்லை, எலும்பும் தோலும்தான். ஆனால் கிரேட்டுக்குக் கைப்பிடி உண்டு, படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு இல்லை.

"கொஞ்சம் சாயுங்க அத்தை. முடிஞ்சிடுச்சு. இந்த ஒரு பக்கம்தான்."

மாமியாருக்குப் பேச்சு நின்று சில நாட்கள் ஆகிவிட்டன. மெதுவாகப் படுக்க வைத்து, துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, இடது கையை எடுத்தாள். அந்தக் கையைத் துடைப்பதுதான் தினமும் பெரும்பாடு. எவ்வளவு முடியாமல் கிடந்தாலும், மருமகள் தொட்டதும் அது மூடிக்கொள்ளும். வைர மோதிரம் போட்ட விரல் உள்ளே மடங்கும். மற்ற விரல்கள் அதன்மேல் கவிழும். கட்டைவிரல் பூட்டு மாதிரி வந்து உட்காரும். அவளும் பிரிக்கப் பார்ப்பதில்லை, மூடிய கையை மேலாகத் துடைத்துவிட்டு விட்டுவிடுவாள். நினைவு தப்பிய நாட்களில்கூட அந்தக் கை மட்டும் விழித்துக்கொண்டிருந்தது.

இன்று விரிந்தே கிடந்தது. உள்ளங்கையைத் துடைத்தாள். விரல் இடுக்குகளைத் துடைத்தாள். மோதிரத்தைச் சுற்றியும் துடைத்தாள். எல்லாம் முடித்த பிறகுதான் துணியைக் கீழே போட்டுவிட்டு, மாமியாரின் மூக்கருகே தன் புறங்கையைக் கொண்டுபோனாள்.

வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, கணவருக்குப் போன் போட்டாள். அவர் லாரி ஓட்டுகிறார்.

"எங்க இருக்கீங்க?"

"குடோன்ல. லோடு இறக்கிட்டு இருக்காங்க. என்ன?"

"அத்தை போயிட்டாங்க."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வரும் சத்தம் கீ கீ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"தங்கச்சிக்குச் சொல்லிட்டியா?"

"நீங்களே சொல்லிடுங்க."

"ம். சரி."

முதலில் வந்தவர் எடைமேடை மாமா, மாமியாரின் தம்பி. லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடையில் முப்பது வருஷம் சீட்டுக் கிழித்த மனுஷர். வண்டியின் டயர் நசுங்குவதைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன் என்பார். அக்காவின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "போய்ட்டியாக்கா" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துட்டாரா? அது இல்லாம ஒரு பய எடுக்க மாட்டான்" என்றபடியே நாற்காலி தேடினார்.

நாத்தனார் காரிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தாள். அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. ஆனாலும் அழுகைக்கு நடுவே அவள் கை போர்வைக்குள் போய் அம்மாவின் இடது கையைத் தேடி எடுத்து, மோதிரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததை மருமகள் கவனித்தாள். கவனிக்காதது போல வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

தகன மேடைக்காரன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான். மத்தியானம் கொண்டுவரலாம். உடம்பில் நகை, உலோகம் எதுவும் இருக்கக் கூடாது.

அங்கேதான் சிக்கல். உடம்பு வற்றியிருந்தும் அந்த விரல் மட்டும் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நாத்தனார் சோப்பு போட்டுப் பார்த்தாள், எண்ணெய் விட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி விரலில் நூலைச் சுற்றி இழுத்தும் பார்த்தார்கள். அசையவில்லை.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று மருமகள் கேட்டாள்.

"வேணாம் அண்ணி. நீங்க அதத் தொட வேணாம்."

நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. எப்போதுமே உயர்த்தியதில்லை.

மோதிரத்தின் கதை பழையது. மாமனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையை விட்டபோது கடைசிப் பணமாக வந்ததில் அரை கேரட் வைரம் ஒன்று வாங்கி, சுற்றிலும் தங்கச் சுவர் வைத்து மூடிப் பதித்து, மனைவி விரலில் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தார். அரை கேரட் என்பது அந்த வீட்டில் ஒரு பட்டம் போல. அவர் போன பிறகு மோதிரம் இறுக ஆரம்பித்தது. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளிடம் கழற்றிக் கொடுத்து, பத்தரிடம் பெரிதாக்கி வரச் சொன்னாள் மாமியார். மருமகள் பத்தர் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்து, அன்றே வாங்கி வந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் நாத்தனாரும் அவளுடைய புது மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு நகைக்கடை ஷோரூமில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். அதிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயரே ஷோரூம்தான். சாப்பாடு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்தான். அதில் சின்னதும் பெரிதுமாக வட்ட ஓட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். எந்த ஓட்டையில் கல் பொருந்துகிறதோ அதுதான் எடை. மாமியாரின் கையைப் பிடித்து, கல்லின் மேல் அட்டையை வைத்தான்.

"அரை கேரட்னு சொன்னீங்களே அத்தை? அரைன்னா அம்பது சென்ட். இது நாப்பதுதானே காட்டுது?" என்று சொல்லிச் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் கரண்டியோடு நின்றிருந்த மருமகளிடம் வந்தது.

"கழட்டி எடை போட்டுப் பாருங்க அத்தை," என்றாள் அவள். "பத்தரைக் கூட்டிட்டு வர்றேன். அவரே சொல்லட்டும்."

"நல்லா இருக்கே. உனக்கு அவர் சாட்சி, அவருக்கு நீ சாட்சியா?" என்றாள் மாமியார். "ஒரு தடவ வெளிய போனதுக்கே பத்து சென்ட் போச்சு. இன்னொரு தடவ போனா மோதிரமே போயிடும்."

அன்றிலிருந்து அந்த மோதிரம் விரலை விட்டு இறங்கவில்லை. கல்லை மாற்றிவிட்டாள் என்றோ திருடி என்றோ யாரும் அவளைச் சொல்லவில்லை. அலமாரிச் சாவி மட்டும் இடம் மாறியது. நாத்தனார் வந்தால் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். வண்டிக்குக் கிளம்பும்போது, குனிந்து ஷூ லேஸைக் கட்டியபடி, நிமிராமலே, "எங்கிட்டயாவது சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நான் எடுக்கல."

"சரி."

அந்தக் கேள்வியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தச் சரியைத்தான் பொறுக்க முடியவில்லை. லாரிக்காரனிடம் எவனாவது கதை விட்டால், மேலே பேச விரும்பாமல் சொல்கிற சரி அது.

இப்போது மோதிரத்தை அறுத்தெடுக்க, ஷோரூம் போன் போட்டு, தன் கடையில் கல் பதிக்கிறவரை வரவழைத்தான். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கனமான கண்ணாடி, முன்தள்ளிய வயிறு, தோளில் ஒரு ரெக்ஸின் பை.

"சாவு வீட்டு வேலை சார், முடிச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு முதலாளி சொல்லிட்டார்" என்றார். அரை நாள் லீவு கிடைத்த சந்தோஷத்தை முகத்திலிருந்து துடைக்க அவரால் முடியவில்லை.

"என்னால இதப் பாக்க முடியாது" என்று எழுந்தாள் நாத்தனார். கணவனின் காதருகே போய்ச் சொன்னாள். ஆனால் அறை சின்னது. "நீங்க பக்கத்துலயே நில்லுங்க. கண்ண எடுக்காதீங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே மூன்று பேர். கையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் கல் பதிக்கிறவர். ஷோரூம் சுவரோடு ஒட்டி நின்றான். மருமகள் கட்டிலருகே மண்டியிட்டு, மாமியாரின் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டாள். தோள் விண்விண் என்று தெறித்தது.

மெல்லிய தகடு ஒன்றை மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே நுழைத்தார். அதன்மேல் பல் வைத்த சின்னச் சக்கரம். காதைத் திருகுவது போலத் திருகத் திருக, தங்கப் பொடி உதிர்ந்தது.

"வலிச்சா சொல்லிடுங்கம்மா" என்றார் பழக்கத்தில். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிக்கணும். உசுரோட இருக்கறவங்களுக்கே வெட்டிப் பழகிடுச்சு."

வளையம் அறுந்தது. இரண்டு பக்கமும் குறடால் பிடித்து விரித்தார். பல வருஷத் தேய்மானத்தில் மெலிந்திருந்த சுவரும் கூடவே பிளந்தது. கல் படுக்கை விரிப்பில் உருண்டது. ஷோரூம் பதறிக் குனிந்தான். அதற்குள் அவர் இடுக்கியால் எடுத்துவிட்டார். துணியில் தேய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

"அடேயப்பா. சார், இதோட இடுப்பப் பாருங்க."

மேலே தட்டையாக இறங்கும் பாகமும், கீழே கூம்பாகக் குறுகும் பாகமும் சேரும் விளிம்பைத்தான் அவர்கள் இடுப்பு என்கிறார்கள். அவர் கல்லைப் பக்கவாட்டில் திருப்பியபோது லென்ஸ் இல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. நாணயத்தின் ஓரம் மாதிரி, மங்கலாக, பட்டையாக ஒரு வளையம் ஓடியது.

"இது கோடு மாதிரி இருக்கணும்மா. ரொம்ப மெலிஞ்சா நாங்க பதிக்கும்போது சில்லு பேந்துடும். ரொம்பத் தடிச்சா இப்படித்தான், பெல்ட் போட்ட போலீஸ்காரன் மாதிரி. வெட்டினவனுக்கு எடைய விட மனசில்ல. பூரா கனத்தையும் இடுப்புல ஒளிச்சு வச்சிருக்கான். மேல பாத்தா கல்லு சின்னதாத் தெரியும்."

ஷோரூம் லென்ஸை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எடை போடுங்க" என்றாள் அவள்.

கல் பதிக்கிறவர் ஷோரூமைப் பார்த்தார். அவன் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். பையிலிருந்து உள்ளங்கை அளவுத் தராசை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எண்கள் ஓடி நின்றன.

"அம்பத்தொண்ணு சார். அரைக்கு ஒரு சென்ட் மேலயே."

மாமியாரின் கை இன்னும் அவள் கைகளுக்குள்தான் இருந்தது. அதை அவள் கீழே வைக்கவில்லை.

"அட்டை வச்சுப் பாத்தா எவ்வளவு காட்டும்?"

"அட்டையாம்மா? அது மேல் அகலத்துக்குத்தானே. இப்படிச் சுத்தி மூடிப் பதிச்ச கல்லுக்கு அத வைக்கவே கூடாது. ஓரம் சுவருக்குள்ள போயிடும், இடுப்பு கண்ணுக்கே தெரியாது. நாப்பதுன்னு காட்டும். சார் கஸ்டமருங்களுக்கு டெய்லி சொல்றதுதானே. மேல பாத்து வாங்காதீங்க, இடுப்பப் பாத்து வாங்குங்கன்னு. இல்ல சார்?"

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றான் ஷோரூம்.

அவர் பையைக் கட்டிக்கொண்டு போனதும் கதவு மறுபடி சாத்தப்பட்டது. ஷோரூம் கல்லைத் தாளில் மடித்தான். மடிப்பு சரியாக வராமல் பிரித்து மறுபடி மடித்தான்.

"வேலைக்குச் சேந்த புதுசுக்கா. ஒண்ணுமே தெரியாது. சும்மா ஒரு பந்தாவுக்குத்தான் எடுத்தேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"என்னது?"

"அட்டை தப்புச் சொல்லும்னு எப்பத் தெரிஞ்சுது?"

அவன் மாமியாரின் முகத்தைப் பார்த்தான், பிறகு ஜன்னலை.

"அடுத்த வருஷம் கடைல டிரெய்னிங் கொடுத்தாங்க. அப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு. இதுவும் அப்படி இருக்குமோன்னு."

"சந்தேகம்."

"நிச்சயமாத் தெரியாதுல்லக்கா. கழட்டிப் பாத்தாத்தானே தெரியும். அத்தை கழட்ட விடல. அதுக்குள்ள பேச்சும் அமுங்கிப் போச்சு. நானே போய்க் கிளறி, இவ ஒருபக்கம் சண்டைக்கு வந்து..."

"பேச்சு அமுங்கல தம்பி. உங்க காதுக்கு வரல."

வெளியே யாரோ இருமினார்கள்.

"எல்லாம் முடியட்டும்கா. நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"இப்பச் சொல்லுங்க. அத்தை வீட்டுக்குள்ள இருக்கும்போதே சொல்லுங்க."

"பொணத்த வச்சுக்கிட்டு எடை பேசினா நாலு பேரு என்ன நினைப்பாங்க? சொல்றேன்கா. சத்தியமா."

அவன் கதவைத் திறந்துகொண்டு போனான்.

அவள் அந்த வெற்று விரலைப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த பள்ளம் ஒன்று சுற்றி ஓடியது. அந்தக் கையை மார்பின் மேல் வைத்து, மற்ற கையை அதன்மேல் எடுத்து வைத்தாள்.

வண்டி வந்தது. குடோனிலிருந்து அதற்குள் வந்து சேர்ந்திருந்த கணவர் தலைமாட்டைப் பிடித்தார். ஷோரூம் கால்மாட்டைப் பிடித்தான், அவளைப் பார்க்காமல் பிடித்தான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவளும் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணி, நீங்க வீட்டப் பாத்துக்கங்க. எல்லாரும் போயிட்டா யாரு இருக்கறது?" என்றாள் நாத்தனார்.

கணவர் வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். அவள் செருப்பைக் கழற்றினாள்.

வீடு காலியானது. மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினாள். விரிப்பையும் போர்வையையும் வெந்நீரில் ஊற வைத்து அலசி, பின்கட்டுக் கொடியில் போட்டாள். தரையைத் துடைத்தாள். மருந்துச் சீசாக்களை ஒரு பையில் கட்டினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. பல மாதங்களாக இந்த நேரத்துக்குக் கஞ்சி கலக்குவாள். கை தானாக அடுப்படிக்குப் போய், கிண்ணத்தை எடுத்து, திரும்ப வைத்தது.

இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்த கட்டிலின் எதிரே, தரையில் உட்கார்ந்தாள். வாசலில் யாரும் இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"அம்பத்தொண்ணு அத்தை" என்றாள்.

சொன்ன பிறகு அறை இன்னும் பெரிதானது போலிருந்தது.

அவர்கள் திரும்பி வந்து, குளித்து, ஹாலில் உட்கார்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் தட்டில் டீ எடுத்து வந்தாள். எடைமேடை மாமா முதல் தம்ளரை எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, அந்தக் கல்லு என்னாச்சு? எடை போட்டீங்களா?"

தட்டோடு அவள் அங்கேயே நின்றாள். ஷோரூம் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"போட்டேன் மாமா. அம்பத்தொண்ணு சென்ட்."

அவள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"அடி சக்க! நாப்பதுன்னு சொன்னீங்களே அப்ப?"

"அது... இடுப்பு கொஞ்சம் தடிமன். எடை அங்க இருந்திருக்கு. மேல பாத்தாத் தெரியாது."

"அப்போ அரை கேரட்தானா?" நாத்தனாரின் அழுத முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. "பாத்தீங்களா மாமா! எங்கப்பா ஏமாறல. எனக்குத் தெரியும், எங்கப்பாவ எவனும் ஏமாத்தியிருக்க முடியாது."

"மூட்டை தூக்கினவன்டி உங்கப்பன். கனத்துல அவன ஏமாத்த முடியுமா?" என்றார் மாமா. "செத்தும் கொடுத்துட்டா பாரு எங்கக்கா. பதினோரு சென்ட் சும்மா வந்திருக்கு."

சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் முதல் சிரிப்பு வந்ததும் எல்லோருக்கும் உடம்பு லேசாகிப் போனது. கல்லை ஒரு டாலரில் பதிக்கலாம் என்றாள் நாத்தனார். விற்றால் என்ன வரும் என்று கேட்டார் மாமா. இடுப்பு தடித்த கல்லுக்கு எடைக்கேற்ற விலை கிடைக்காது என்று ஷோரூம் விளக்க ஆரம்பித்தான். விளக்குவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. குரல் தெளிந்து, கடையில் பேசுவது போல நிதானமாகப் பேசினான். அவள் நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

நாத்தனார் தட்டிலிருந்து தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை கம்மியா இருக்கு அண்ணி."

கணவர் சிரிக்கவில்லை. கல்லின் எடையைச் சொன்ன நொடியில் அவர் தலை நிமிர்ந்து, அவள் முகத்துக்கு வந்தது. ஷூ லேஸ் கட்டிய அன்று நிமிராத தலை. அவளும் பார்த்தாள். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் அப்படி இருந்தது. பிறகு அவர் தம்ளருக்குள் பார்த்தார். அவள் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து நாத்தனார் முன்னால் வைத்தாள்.

கார் கிளம்பிப் போனது. மாமாவும் போனார். அவள் பின்கட்டுக்கு வந்து கொடியைத் தொட்டுப் பார்த்தாள். விரிப்பு காய்ந்திருந்தது. உருவி எடுத்தபோது மறுமுனை தரையில் இழுபடாமல் நின்றது. கணவர் பிடித்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் துணி மடிக்க வந்ததில்லை.

இரண்டு பேரும் உதறினார்கள். நீளவாக்கில் ஒருமுறை மடித்தார்கள். அவள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அவரும் வந்தார்.

"அம்மா இருந்திருந்தா..." என்றார்.

அவள் நின்றாள். "இருந்திருந்தா?"

அவர் துணியின் ஓரத்தை விரலால் நீவினார். தெருவில் யாரோ ஷட்டர் இழுக்கும் சத்தம் கேட்டது.

"தோளு வலிக்குதா?"

"வலிக்குது."

"நாளைக்கு லீவு சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

தன் பக்கத்து முனைகள் இரண்டையும் அவள் கையில் சேர்த்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கொஞ்சம் நின்றார். பிறகு லாரியை எடுத்து ஓரமாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அவள் விரிப்பை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியே எஞ்சின் இரண்டு தடவை இருமிப் பிடித்தது.

அவர் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருந்தது.